மூன்றாவது வரி

இந்தக் கதையை நான் பல வருடங்களாகச் சந்தேகித்து வருகிறேன். முழுவதையும் அல்ல. ஐரீன் மிஸ் இருந்தது உண்மை. சென்னியப்பன் சார் அவரிடம் பாட்டுக் கற்றுக்கொண்டது உண்மை. ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு தவறு நடந்தது என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. அதைச் சொல்லும்போது சார் டீயைக் கையில் வைத்தபடியே ஆறவிட்டுவிடுவார்.

ஒரே ஓர் இடத்தைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. அது எந்த இடம் என்று கடைசியில் சொல்கிறேன்.

கதையை எனக்குச் சொன்னவர் சென்னியப்பன் சார்தான். போத்தனூர் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் ஒரு பேக்கரி இருக்கிறது. மாலை நடை முடிந்ததும் இருவரும் அங்கே உட்காருவோம். நான் மின்வாரியத்தில் வேலை பார்த்தேன். அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்.

தொடக்கப் பள்ளியில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர். வலது கையை ஒருமுறை உயர்த்தினால் இருநூறு பிள்ளைகள் வாயை மூடுவார்கள். அதில் அவருக்குப் பெருமை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு மவுத் ஆர்கன் இருக்கும். ஆசிரியர் சங்க விழாக்களில் பழைய சினிமாப் பாட்டு வாசிப்பார்.

ஐரீன் மிஸ் ரயில்வே காலனியில் குடியிருந்த ஆங்கிலோ இந்தியப் பெண். பெங்களூர் ஓட்டல்களில் பதினைந்து வருடம் கிட்டார் வாசித்துப் பாடியிருக்கிறார். ஊர் திரும்பிய பிறகு சின்னப் பள்ளிக்கூடங்களாகத் தேடிப் போய்ப் பாடினார். ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரைக்கும் மட்டும். ஒரு மணி நேரம். பாடியது ப்ளூஸ்.

சாரின் பள்ளிக்கு அவர் வந்தது சார் ஓய்வு பெறும் வருடத்தில்.

மேடை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். மைக்கும் வைத்துக்கொள்ளவில்லை. டிவியிலும் கோயில் ஒலிபெருக்கியிலும்தான் அந்தப் பிள்ளைகள் பாட்டுக் கேட்டிருந்தார்கள். பாடுகிற ஆளை ஒரு கை தூரத்தில் பார்த்ததே இல்லை.

ஒரு பையன் கிட்டாரைச் சுற்றி வந்து பார்த்தான்.

"மிஸ், இதை ஆஃப் பண்ணோணும்னா எங்க அமுக்கோணும்?"

ஐரீன் மிஸ் ஒரு தட்டுத் தட்டி ஒலியை எழுப்பினார். பிறகு அவன் உள்ளங்கையை எடுத்துக் கம்பிகளின் மேல் வைத்தார். ஒலி நின்றது. பையன் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டு அதையே பார்த்தான்.

"ப்ளூஸ்னா ப்ளூ கலருங்களா மிஸ்?" என்றாள் ஒரு சிறுமி.

"மனசு சரியில்லாதப்பப் பாடற பாட்டு. அமெரிக்காவுல பருத்திக்காட்டுல வேலை செஞ்ச கறுப்பு மனுசங்க பாடினது. அவங்க அப்பா, தாத்தா எல்லாம் அடிமையா இருந்தவங்க."

"அவங்களுக்கு லீவு உண்டுங்களா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும்."

"அப்ப வீட்டுப்பாடம்?"

"அதுக்குப் பதிலாத்தான் பாட்டு."

பிள்ளைகள் சிரித்தார்கள். சாரும் கதவோரம் நின்று சிரித்தார்.

பிறகு ஐரீன் மிஸ் கேட்டார். "உங்கள்ல யாருக்காவது மனசு சரியில்லையா? என்னன்னு ஒரே வரியில சொல்லுங்க."

ஒரு பையன் எழுந்தான். "எங்க நாய்க்குட்டிய யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க."

மிஸ் அந்த வரியை அப்படியே பாடினார். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. பாடி நிறுத்தினார். வரிக்குப் பின்னால் இருந்த இடைவெளியில் கிட்டார் பதில் சொன்னது. மறுபடி அதே வரி. மறுபடி கிட்டார்.

"இந்தப் பாட்டுக்கு மூணு வரி தம்பி. ரெண்டு பாடியாச்சு. மூணாவது உன்னுது."

பையன் யோசித்தான். மிஸ் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நிமிடம் போயிருக்கும். சாருக்குப் பொறுக்கவில்லை. 'போலீஸ்ல சொல்லலாம்னு சொல்லுடா' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

பையன் சொன்னான். "அதுக்கு இன்னும் பேரே வெக்கல."

மிஸ் அதைப் பாடினார். கூடம் முழுக்க அமைதி. சார் கையை உயர்த்தவே இல்லை. அவருடைய முப்பத்தைந்து வருடத்தில் அப்படி ஓர் அமைதியைப் பார்த்ததில்லை என்றார்.

ஓய்வு பெற்ற மறுவாரம் அவர் மவுத் ஆர்கனோடு ரயில்வே காலனிக்குப் போனார்.

"என்னையச் சீடனாச் சேத்துக்கோங்க மிஸ்."

"சார், உங்களுக்கு எங்க சித்தப்பா வயசு."

"பரவால்லைங்க மிஸ்."

"வீட்டுப்பாடம் குடுத்தாச் செய்வீங்களா?"

"செய்வேனுங்க."

"நீங்க முப்பத்தஞ்சு வருசம் குடுத்ததுக்கெல்லாம் சேத்துப் பழி வாங்கிருவேன்."

பேக்கரிக்காரருக்கு விஷயம் தெரிந்ததும் சும்மா விடவில்லை. "என்னுங்க எச்.எம். சார், மறுபடி ஒண்ணாங்கிளாஸ் சேந்துட்டீங்களாக்கும்? சிலேட்டு வாங்கியாச்சுங்களா?" என்பார். சார் பெருமையாகத் தலையாட்டுவார்.

இரண்டு வருடம் சார் மிஸ்ஸின் கூடவே போனார். கிட்டார் பதில் சொல்லும் இடைவெளியில் சில சமயம் மவுத் ஆர்கன் பதில் சொல்லும். அதற்கு மட்டும்தான் அனுமதி. பாட அனுமதி இல்லை. அவருக்கோ பாட வேண்டும். பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து, ஒரு பிள்ளையின் வரியை வாங்கி, தன் குரலில் பாட வேண்டும். அறுபது வயதில் அது ஒன்றுதான் அவருக்கு ஆசை. என்னிடமும் பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஒருநாள் மிஸ்ஸிடம் கேட்டார். "பாடறதுல எனக்கு என்ன குறைங்க மிஸ்?"

"குரலு நல்லாத்தான் இருக்குது சார்."

"அப்புறம்?"

மிஸ் அவரையே திரும்பக் கேட்டார். "மூணாவது வரி வரலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"அதைத்தான் நானும் கேக்கலாம்னு இருந்தனுங்க. வரலைன்னா என்ன பண்றது?"

மிஸ் கிட்டாரை எடுத்தார். ஒரு வரி பாடினார். மறுபடி அதையே பாடினார். பிறகு கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு சமையலறைக்குப் போய் பீன்ஸ் நறுக்க ஆரம்பித்தார்.

சார் காத்திருந்தார். பீன்ஸ் முடிந்து கேரட் வந்தது. குக்கர் வைத்தார். அது விசில் அடித்தது. சார் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் வந்தார்.

"பாட்டு பாதியில நிக்குதுங்க மிஸ்."

"ஆமா சார். நின்னா என்ன?"

அவருக்கு அது விளங்கவில்லை. ஆனால் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். எழுதி வைத்தது எனக்குத் தெரியும். அந்த நோட்டை எனக்குக் காட்டினார்.

அந்த வருடம் நவம்பரில் மிஸ்ஸுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பத்து நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெள்ளலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்குக் குழந்தைகள் தினத்துக்கு முந்தைய நாள் போவதாக ஏற்கனவே ஒத்துக்கொண்டிருந்தார்கள். கல்வி அதிகாரி வருகிறார், பந்தல் போட்டாகிவிட்டது. தள்ளிவைக்க முடியாது.

மிஸ் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். 'நான் வாசிக்கிறேன். நீங்கள் பாடுங்கள்.'

அன்று காலை சார் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். நூற்றைம்பது பிள்ளைகள். முன்னால் நாற்காலிகளில் அதிகாரியும் ஊர்ப் பெரியவர்களும். சுவரோரம் ஆசிரியைகள். மிஸ் கிட்டாரோடு தரையில் உட்கார்ந்தார். பக்கத்தில் சார்.

ஆரம்பம் நன்றாகவே போனது. பென்சில் டப்பா உடைந்தது ஒரு பாட்டு. அண்ணன் மட்டும் சினிமாவுக்குப் போனது ஒரு பாட்டு. சாரின் குரல் பந்தலுக்கு வெளியே ரோட்டில் போனவர்களையும் நிற்க வைத்தது. அதிகாரி தொடையில் தாளம் போட்டார்.

மூன்றாவதாக ஒரு சிறுமி எழுந்தாள். இரண்டாம் வகுப்பு. பெயர் சிந்துஜா.

"எங்கம்மா ஊருக்குப் போயிருக்குது."

சார் பாடினார். *எங்கம்மா ஊருக்குப் போயிருக்குது.* கிட்டார் பதில் சொன்னது. மறுபடி பாடினார். கிட்டார் பதில் சொன்னது.

"மூணாவது வரி கண்ணு?"

சிந்துஜா நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. சுவரோரம் ஆசிரியைகள் குனிந்துகொண்டார்கள். அதிகாரி முன்னால் உட்கார்ந்திருப்பதால் வந்த கூச்சம் என்று சார் நினைத்தார். மிஸ் கிட்டாரை மெதுவாக ஒரு சுற்று வாசித்தார். இன்னொரு சுற்று. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிறுமியின் உதடு கோணியது. இதோ அழப்போகிறாள் என்று சாருக்குத் தோன்றியது. முப்பத்தைந்து வருடத்தில் அழப்போகிற எத்தனையோ பிள்ளைகளைச் சமாளித்தவர்.

அவர் பாடினார்.

*வந்துரும் கண்ணு வந்துரும், பொங்கலுக்குள்ள வந்துரும்!*

கிட்டார் நின்றுவிட்டது. மிஸ் தாளத்தைத் தவறவிட்டுவிட்டார் என்று சார் நினைத்தார். உடனே மவுத் ஆர்கனை எடுத்து அந்த இடைவெளியை நிரப்பினார். மறுபடி பாடினார். பிள்ளைகளைப் பார்த்துக் கையை வீசினார். நூற்றைம்பது பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். வந்துரும் கண்ணு வந்துரும். கைதட்டல். அதிகாரியும் தட்டினார். சிந்துஜா சிரித்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அந்தச் சிரிப்பைப் பாத்தப்ப, இதுக்குத்தாண்டா பொறந்தேன்னு இருந்துச்சு" என்றார் சார் என்னிடம்.

திரும்பும்போது ஆட்டோவில் மிஸ்ஸிடம் கேட்டார். "எப்படிங்க மிஸ் இருந்துச்சு?"

மிஸ் பையிலிருந்து காகிதத்தை எடுத்து எழுதிக் காட்டினார். 'மூணாவது வரி யாருது?'

"என்னுதுதானுங்க மிஸ்! அந்த நிமிசமே வந்துச்சு!"

மிஸ் காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தார்.

பன்னிரண்டு நாள் கழித்து வளர்மதி டீச்சர் சாரைத் தேடி வந்தார். சிந்துஜாவின் வகுப்பு ஆசிரியை. வந்தவர் உட்காரவில்லை.

"சார், அந்தப் புள்ளையோட அம்மா ஆடி மாசமே எறந்துருச்சுங்க. மஞ்சக்காமாலை. ஆஸ்பத்திரியிலேயே முடிஞ்சுது. அவங்க அத்தைதான் ஊருக்குப் போயிருக்குதுன்னு சொல்லி வெச்சிருக்காங்க."

சார் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்களுக்கெல்லாம் தெரியுமுங்க சார். உங்களுக்குச் சொல்லணும்னு யாருக்கும் தோணல. எங்க தப்புத்தான்."

"இப்ப அந்தப் புள்ள?"

"தெனமும் காலையில கேக்கறா. பொங்கலுக்கு இன்னும் எத்தனை நாளுங்க டீச்சர்னு. காலண்டரைப் பாத்து நாஞ்சொல்லணும். அத்தையத் தலை பின்ன விடறதில்ல. அம்மா வந்து பின்னிக்கட்டும்னு அப்படியே வாரா. இன்டர்வெல் விட்டா கிளாஸே சேந்து பாடுதுங்க சார், வந்துரும் கண்ணு வந்துரும்னு. அவ நடுவுல நிக்கறா. பாட்டு அவ்வளவு நல்லா இருக்குது. நிறுத்தச் சொல்ல வாய் வரமாட்டேங்குது."

சார் அன்று சாப்பிடவில்லை. நேராக ரயில்வே காலனிக்குப் போனார். மிஸ்ஸுக்குக் குரல் திரும்பி வந்திருந்தது.

"மிஸ், உங்களுக்கு அன்னைக்கே தெரியுமுங்களா?"

"என்ன தெரியும்?"

"அம்மா செத்துப்போனது."

"எனக்கு எப்படித் தெரியும் சார்?"

"அப்புறம் எதுக்குக் கிட்டாரை நிறுத்துனீங்க?"

"அந்தப் புள்ள இன்னும் யோசிச்சுட்டு இருந்துச்சு."

சார் உட்கார்ந்துவிட்டார். "நானே போயி உண்மையச் சொல்லிடறேனுங்க. நான் பாடினது பொய்யின்னு எல்லாப் புள்ளைங்க முன்னாடியும் சொல்லிடறேன்."

"சொல்லறதுக்கு அவங்க வீட்டு ஆளுங்க இருக்காங்க. டீச்சர் இருக்காங்க. முதல்ல அவங்ககிட்டப் பேசுவோம்."

"நாம?"

"பாட்டு பாதியில நிக்குதல்ல. அதுக்குப் போலாம்."

"முடிஞ்சு போச்சேங்க மிஸ்."

"நீங்க முடிச்சீங்க."

மிஸ் கிட்டாரைத் தோளில் மாட்டினார். "மவுத் ஆர்கனை வீட்டுல வெச்சுட்டு வாங்க" என்றார்.

வளர்மதி டீச்சர் சிந்துஜாவின் அத்தையிடம் பேசியிருந்தார். அத்தையும் பள்ளிக்கு வந்து வராந்தாவில் நின்றார். அதிகாரி இல்லை, பந்தல் இல்லை. இரண்டாம் வகுப்பு அறை. நாற்பது பிள்ளைகள். சிந்துஜா மூன்றாவது வரிசையில், தலை கலைந்து.

மிஸ் தரையில் உட்கார்ந்து பாடினார்.

*எங்கம்மா ஊருக்குப் போயிருக்குது.*

கிட்டார். மறுபடி அதே வரி. மறுபடி கிட்டார்.

பிள்ளைகள் மூச்சை இழுத்துக்கொண்டு ஒரே குரலில் பாடினார்கள். *வந்துரும் கண்ணு வந்துரும்!*

மிஸ் அதட்டவில்லை. தலையும் ஆட்டவில்லை. முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். பிள்ளைகள் மறுபடி முடித்தார்கள். மிஸ் மறுபடி ஆரம்பித்தார்.

எத்தனை முறை என்று சாருக்கு நினைவில்லை. சிறிது சிறிதாகக் குரல்கள் குறைந்தன. பத்துப் பேர் பாடினார்கள். பிறகு நாலு பேர். பிறகு ஒரு பையன் மட்டும் ஆரம்பித்து, தனியாகப் பாடுவது தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான். சார் பழக்கத்தில் வலது கையை உயர்த்தப் போனார். மிஸ் அவரைப் பார்த்தார். கை இறங்கியது.

மிஸ் மறுபடி இரண்டு வரி பாடினார். கிட்டார் பதில் சொல்லி ஓய்ந்தது. யாரும் பாடவில்லை. மிஸ் கிட்டாரை மடியில் கிடத்திவிட்டார்.

வெளியே சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அதுவும் நின்றது. ஒரு பெரிய வகுப்பில் யாரோ வாய்ப்பாடு சொல்லி முடித்தார்கள். சிந்துஜா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் சொன்னாள்.

"எந்த ஊருன்னு யாரும் சொல்லல."

மிஸ் அதைப் பாடினார். *எங்கம்மா ஊருக்குப் போயிருக்குது, எங்கம்மா ஊருக்குப் போயிருக்குது, எந்த ஊருன்னு யாரும் சொல்லல.* கிட்டார் பதில் சொன்னது. யாரும் கைதட்டவில்லை. வளர்மதி டீச்சர் உள்ளே வந்து சிந்துஜாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார். அத்தை அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டார். ஏழு வயதுப் பிள்ளை. மூவரும் வேப்பமரத்தடிக்குப் போனார்கள்.

மிஸ்ஸின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து சார் திரும்பி வந்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டிகள் நின்றன. அவர் கேட்டார்.

"மிஸ், அன்னைக்கு அந்த எடத்துல நான் எந்த வரியைப் பாடியிருக்கோணும்?"

சரக்கு ரயில் வந்தது. நீளமான ரயில். கடைசிப் பெட்டியும் போனது. கேட் தூக்கிய பிறகு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே மிஸ் சொன்னார்.

"இன்னமும் வரியத்தான் கேக்கறீங்க சார்."

அதற்குப் பிறகு சார் எந்தப் பிள்ளை முன்னாலும் பாடவில்லை. கிட்டார்ப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போவார். பின்வரிசையில் உட்காருவார். மூன்று வருடம் கழித்து ஐரீன் மிஸ் தன் அண்ணனோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். சிந்துஜாவின் அப்பா அவளையும் கூட்டிக்கொண்டு லேத் வேலைக்கு ஓசூர்ப் பக்கம் போனதாகக் கேள்வி.

கதை இவ்வளவுதான். இனி என் சந்தேகம்.

சிந்துஜா சொன்ன வரி.

சார் எனக்கு இதை முதன்முதலில் சொன்னபோது அந்த வரி வேறாக இருந்தது. "அது எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாது" என்று சொன்னாள் என்றார். அடுத்த வருடம் இன்னொருவருக்குச் சொல்லும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். அப்போதுதான் "எந்த ஊருன்னு யாரும் சொல்லல" என்று வந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவதாகச் சொன்ன வரி நன்றாக இருந்தது. மேலே நான் எழுதியிருப்பதும் அந்த இரண்டாவதுதான்.

வளர்மதி டீச்சரை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். மெதுவாக விசாரித்தேன்.

"நான் வராந்தாவுல திரும்பி நின்னுட்டேனுங்க. அழுகை வந்துருச்சு. உள்ள ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கிட்டார் கேட்டுச்சு. நான் உள்ள போனேன்."

"சிந்துஜா ஏதோ சொன்னாளாமே?"

"அப்படிங்களா?" என்றார். "எனக்குக் கேக்கலைங்க."

கேட்காமல் இருந்திருக்கலாம். குழந்தைகள் மெல்லப் பேசுவார்கள். வராந்தாவுக்கும் வகுப்புக்கும் நடுவே சுவர் இருக்கிறது. நான் எனக்கே இப்படிப் பல காரணங்கள் சொல்லிப் பார்த்தேன். ஐரீன் மிஸ்ஸின் முகவரியை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு வருடம் கடிதம் எழுதாமல் இருந்தேன். எழுதினால் பதில் வந்துவிடும் என்ற பயம்.

என் மனைவி கேட்டாள். "நல்ல கதை. கேட்டவங்களுக்கு நல்லது செய்யுது. நடந்துச்சான்னு நோண்டி என்ன பண்ணப் போறீங்க?"

அவள் கேட்டது சரி. நானும் இந்தக் கதையைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். மின்வாரியப் பணிநிறைவு விழா ஒன்றில் மைக்கில் சொன்னேன். அந்த வரிக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்று எனக்குப் பழகிவிட்டது. சரியாக நிறுத்திச் சொன்னால் கேட்பவர்களின் கண் கலங்கும். ஒருமுறை கூடத் தவறியதில்லை. எனக்குத் தூக்கம் கெட்டது அதனால்தான். ஏழு வயதுக் குழந்தை ஒன்று வாய்க்கு வந்ததைச் சொன்னால் அது ஒருமுறையாவது தவற வேண்டாமா? நாய்க்குட்டிக்குப் பேர் வைக்காத பையனின் வரியைச் சொல்லும்போது பாதிப் பேர் சிரிக்கிறார்கள். பாதிப் பேருக்குப் புரிவதில்லை. அது ஒரு பையன் சொன்னது என்று நான் சத்தியம் செய்வேன்.

போன மாதம் பேக்கரியில் உட்கார்ந்திருந்தோம். சாருக்கு இப்போது எழுபத்தைந்து. தேங்காய் பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"போன வாரம் எங்க மாப்பிள்ளை வீட்டுல உங்க கதையச் சொன்னேனுங்க சார்" என்றேன்.

"முழுசாச் சொன்னீங்களா?"

"முழுசா."

"அந்தப் புள்ள சொன்ன வரியையும்?"

"சொன்னேன்."

அவர் பன்னைக் கையிலேயே வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அழுதாங்களா?"

"அழுதாங்க சார்."

அவர் மெதுவாகத் தலையாட்டினார். முகத்தில் ஒரு நிம்மதி. வெகுநேரம் எதையோ தூக்கிக்கொண்டு நின்றவர் அதைக் கொஞ்சம் இறக்கி வைத்ததுபோல. அதைப் பார்த்த பிறகு கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"சார், அன்னைக்கு சிந்துஜா வாயத் தொறந்தாளா?"